தூயபுரியின் ஆபத்தான வீடுகள்

தூயபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே மரம், மாடு, மனிதர்களின் புருவம் எல்லாமே வெள்ளையாக இருக்கும். வெள்ளைக்கல்லை அரைத்து மாவாக்கும் அரசாங்க ஆலையின் தூசுதான் காரணம் என்று சொன்னவர்களை அரண்மனை தேசத்துரோகிகள் என்றது.

ஆலைத் தொழிலாளர்கள் இளவயதிலேயே இருமி இருமிச் செத்தார்கள். காரணத்தை ஆராய்ந்த தலைமை வைத்தியர் பிங்கலர், அவையில் கண்கலங்க அறிக்கை வாசித்தார்.

"மன்னா, ஆலைக்குள் இதுவரை ஒருவர்கூட இறக்கவில்லை. அத்தனை பேரும் வீட்டில்தான் இறந்திருக்கிறார்கள். ஆகவே, நோய்க்குக் காரணம் வீடு."

இருமல் முற்றியவர்களை ஆலையே வீட்டுக்கு அனுப்பிவிடும் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. இடிக்கப்போவது தொழிலாளர் வீடுகளை மட்டும்தான் என்று தெரிந்தபின் அவையோர் கைதட்டினார்கள். வீடுகள் இடிந்தன. குடும்பங்கள் ஆலைக்குள் குடிவைக்கப்பட்டன.

அரவை எந்திரத்தில் வேலைபார்த்த வேலாண்டியின் மனைவி இருளாயிக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் இருந்தபோது புருஷனுக்கு இராத்திரியாவது மூச்சு சீராக வந்தது. இங்கே அதுவும் போயிற்று. ஆலை அதிகாரியிடம் போய் நின்றாள்.

"அய்யா, இவருக்கு மூச்சு முட்டுது. கொஞ்ச நாளு வெளிய கூட்டிட்டுப் போயி வச்சிக்கிடுதேன்."

"ஆரோக்கியமான இடத்திலிருந்து நோயாளியை வெளியேற்றுவது குற்றம், அம்மா. பழைய வீட்டுக்காற்று இன்னும் அவர் உடம்பில் இருக்கிறது."

படித்தவர் சொல்கிறாரே, நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று குழம்பியபடி திரும்பினாள். அந்த வாரமே எந்திரத்தின் பக்கத்தில் வேலாண்டி செத்துக் கிடந்தான்.

அதிகாரி பதறிவிட்டார். "இங்கே யாரும் இறக்க முடியாது. அறிக்கையே இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோ!"

"வீட்டத்தான் இடிச்சிட்டியளே, சாமி?"

அதிகாரி அரண்மனைக்கு ஓடினார். மன்னர் பெருங்கருணையோடு, ஆலைக்கு வெளியே காற்று வரும் பக்கமாக அவசரமாக ஒரு வீடு கட்டச் சொன்னார். பிணத்தை உள்ளே கிடத்தினார்கள். பிங்கலர் நாடி பார்த்து, வேலாண்டி வீட்டில் இறந்துவிட்டதாக அறிவித்தார்.

சன்னலைத் திறந்துவிட்டு இருளாயி அங்கேயே நின்றாள். நல்ல காற்று வந்தது. பிங்கலர் பக்கம் திரும்பினாள்.

"இந்த வீட்ட முன்னாலயே குடுத்திருந்தா பொழச்சிருப்பாரே அய்யா!"

"புருஷனைக் கொன்ற வீட்டின்மேல் இன்னுமா ஆசை?" என்று பிங்கலர் உண்மையாகவே வருந்தினார்.

அதன்பின் ஆலையில் செத்தவர்களையெல்லாம் அங்கேதான் தூக்கிவந்தார்கள். அடுத்த அறிக்கையில், நாட்டிலேயே மிக ஆபத்தான கட்டடம் அதுதான் என்று பிங்கலர் நிரூபித்தார். இடிக்க ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.

இருளாயிக்கும் அப்போது இருமல் தொடங்கியிருந்தது. இதையும் இடித்துவிட்டால் தான் எங்கே போய்ச் சாவது என்று அவர்களிடம் கேட்டாள். அவர்களுக்கும் தெரியவில்லை. இருமிக்கொண்டே இடித்தார்கள்.