ஈக்காரர் கடித்த நூல்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிற அத்தனை பேருடைய பயத்தையும் திரட்டி ஒரு தட்டிலும், ஈக்காரருடைய பயத்தை மறு தட்டிலும் வைத்தால், ஈக்காரருடைய தட்டுதான் தரையில் இடிக்கும். அப்படிப்பட்ட மனிதர் செய்த தொழில், முன்பின் தெரியாதவர்களைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போய், ஓடுகிற ஆற்றில் இறக்கிவிட்டு மீன் பிடிக்க வைப்பது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது. கச்சிராயபாளையத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஈக்காரர் வீடு என்றால் கைப்பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். தூண்டிலில் மண்புழு மாட்டுவதுதான் ஊர் வழக்கம். இவர் மாட்டுவது ஈ. அதுவும் பொய் ஈ. சேவல் இறகையும் பழைய புடவை நூலையும் முள்ளில் சுற்றிச் சுற்றி அவரே செய்வார். தண்ணீர் மேல் அது மெத்தென்று விழுந்தால் உண்மையான ஈக்கும் அதற்கும் மீனால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது அவர் மனைவி வளர்த்த சேவலுக்குத்தான். கழுத்து மொட்டையாகிப்போன அந்தச் சேவல், ஈக்காரர் வாசலுக்கு வந்தாலே கூரைமேல் ஏறிவிடும்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஊட்டிப் பக்கம் ஆறேழு வருடம் வேலை பார்த்தபோது, தினமும் அவர் பஸ்ஸில் வந்த எஸ்டேட் மேனேஜர் ஒருவர் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தாராம். பிறகு மாற்றலாகி வந்து, வெள்ளிமலை போகிற மலைப்பாதை பஸ்ஸில் கடைசிவரை ஓடினார். ஓடினார் என்று நான் சொல்வது பெரும்பாலும் அவருடைய கால்களைத்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலும் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, வளைவுவரை ஓடி, எதிரே வண்டி வரவில்லை என்று பார்த்து விசில் கொடுத்த பிறகுதான் பஸ் நகரும். அவசரக்காரர்கள் அவர் டியூட்டி நாளில் ஜீப்பில் போய்விடுவார்கள். அந்த விசில் ஓய்வுக்குப் பிறகும் அவர் கழுத்திலேயே தொங்கியது.

நான் கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். அங்கே சென்னையிலிருந்து ஒரு சூப்பிரண்டு வந்து சேர்ந்தார். ராத்திரியெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் ஆற்றில் நின்று தூண்டில் வீசும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, காலையில் கோப்பில் கையெழுத்துப் போடும்போதுகூட மணிக்கட்டைச் சுழற்றுவார். ஆன்லைனில் ஒரு தூண்டில் கம்பு வாங்கினார். வலை, தொப்பி, இடுப்புவரை வரும் ரப்பர் கால்சட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியில் ஆறு ஒன்றுதான் பாக்கி. ஈக்காரரைப் பற்றி வாய் தவறிச் சொன்னவன் நான். அதனால் நானும் போக வேண்டியதாயிற்று.

ஐப்பசி மழையில் மலையாற்றில் புதுத்தண்ணீர் இறங்கும்போது கெண்டை மீன்கள் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். கார்த்திகை முதல் வாரத்தில் மழை இரண்டு நாள் விட்டிருக்கும்போது போனால்தான் பெரிய மீன் கிடைக்கும் என்று ஈக்காரர் நாள் குறித்தார். வனத்துறைக்காரர்கள் கேட்டால் காட்டுவதற்கு அனுமதிக் கடிதம் மூன்று பிரதி வைத்திருந்தார். ஒன்று சட்டைப்பையில், ஒன்று பையில், ஒன்று தொப்பிக்குள். மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார். நான்காவதாக ஒன்றை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்ததாக ஜீப்பில் ஏறிய பிறகு சொன்னார்.

வெள்ளிமலையிலிருந்து அரை மணி நேரம் ஜீப், அப்புறம் சரிவில் நடை. அந்த நடை முழுக்க அவர் எங்களுக்குப் பயப்படக் கற்றுக்கொடுத்தார். இலை குவிந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது, பாம்பு இருக்கும். இலை இல்லாத இடத்திலும் வைக்கக் கூடாது, பாசி வழுக்கும். மரத்தைப் பிடிக்கக் கூடாது, மேலே தேன்கூடு இருக்கலாம். பிடிக்காமலும் நடக்கக் கூடாது. சூப்பிரண்டுக்கு முகம் சிவந்துகொண்டே வந்தது. இத்தனை பயப்படுகிறவர் எதற்கு இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று நான் கேட்டேவிட்டேன்.

"வூட்லயே குந்திக்கினு பயப்படறதுக்கு இங்க வந்து பயப்பட்டா காத்தாவது வருது சார்" என்றார்.

ஆறு அன்று அழகாக இருந்தது. முழங்கால் ஆழம், கூழாங்கல் தெரியும் தெளிவு. வெயில்கூட அடித்தது. ஈக்காரர் ஒரு முறை வீசிக் காட்டினார். நடுங்கும் கை, ஆனால் நூல் நடுங்கவில்லை. பின்னால் போய், வளைந்து, முன்னால் நீண்டு, அந்தப் பொய் ஈ தண்ணீரில் உட்கார்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அடுத்து சூப்பிரண்டு வீசினார். முதல் வீச்சில் தன் தொப்பியைப் பிடித்தார். இரண்டாவதில் என் சட்டைக் காலரைப் பிடித்தார். மூன்றாவதில் ஒரு மூங்கில் புதர் மாட்டியது.

கரையில் இடம் போதவில்லை என்று அவர் முடிவுகட்டினார். ஆற்றின் நடுவே வீட்டுக்கூரை உயரத்துக்கு ஒரு பாறை மேடு. அதன் உச்சிப் பிளவில் ஒரு நாவல் மரம் வேர்விட்டிருந்தது. அடியில் தண்ணீரை ஒட்டித் தட்டையாக ஓர் இடம். அங்கே நின்றால் நாலு பக்கமும் வீசலாம். ஈக்காரர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார், விசிலும் அடித்தார். சூப்பிரண்டு காதில் வாங்காமல் நடந்துபோய் ஏறிவிட்டார். வலையை எடுத்து வரச்சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. நான் போனேன். ஆட்களைக் கூட்டிவந்தவர் கரையில் நிற்கக் கூடாது என்று அவருக்கு ஒரு கொள்கை இருந்ததால், தோளில் கயிற்றுச் சுருளுடன் ஈக்காரரும் வந்தார். நாலு காலில்.

அரை மணி நேரத்தில் சூப்பிரண்டு கையில் கம்பு வில்லாக வளைந்தது. உள்ளே நல்ல மீன். ஒரு முறை புரண்டு காட்டியது, பக்கவாட்டில் பொன்னிறமாக, என் முழங்கை நீளம் இருக்கும். சூப்பிரண்டு குழந்தைபோல என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் வலையுடன் குனிந்தேன். மீனைப் பார்க்காதவர் ஈக்காரர் மட்டும்தான். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூழாங்கல் தெரிந்த தண்ணீரில் டீ கலந்ததுபோல ஒரு நிறம் வந்திருந்தது. மூங்கில் சருகுகள் கூட்டமாக மிதந்து வந்தன. காதைக் கொடுத்துக் கேட்டால், தூரத்தில் யாரோ லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம். எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். மழை எங்கோ மேலே, எங்கள் கண்ணுக்குத் தெரியாத மலையில் பெய்திருக்கிறது.

"ஐயா, நூலை அறுங்க" என்றார்.

சூப்பிரண்டு கேட்கவில்லை. வாழ்க்கையில் பிடித்த முதல் மீன். இரண்டே நிமிடம் என்றார். ஈக்காரர் மறுபடி சொல்லவில்லை. எட்டி நூலைப் பிடித்து, வாயில் வைத்து, பல்லால் கடித்துத் துண்டித்தார். வளைந்திருந்த கம்பு பட்டென்று நிமிர்ந்தது. மீன் போய்விட்டது. சூப்பிரண்டு அவரை அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது. நாங்கள் நின்ற தட்டைப் பாறையின் மேல், எங்கள் பாதங்களுக்கு நடுவே, தண்ணீர் ஏறி ஓடிக்கொண்டிருந்தது.

கரைக்கும் எங்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். வரும்போது முழங்கால் ஆழம். இப்போது எவ்வளவு என்று தெரியாதபடி பழுப்பாகச் சுழன்றது. ஓடிப்போய்விடலாம், நாலு எட்டுதான் என்று சூப்பிரண்டு இறங்கப் போனார். எனக்கும் கால்கள் அந்தப் பக்கம்தான் இழுத்தன. ஈக்காரர் பின்னாலிருந்து பாய்ந்து அவருடைய ரப்பர் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சூப்பிரண்டு அதிகாரத்தோடு விடச் சொன்னார், திட்டினார், உதைக்கவும் செய்தார். ஈக்காரர் பிடியை விடவில்லை.

"போறதுன்னா என்னையும் இழுத்துக்கினு போங்க ஐயா. எனக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

அந்தப் பத்தடி வழியில் அப்போது ஒரு முழு மரம் வந்தது. வேரோடு, கிளையோடு, கரையையும் பாறையையும் உரசிக்கொண்டு, கதவை அடைத்ததுபோல அந்த இடத்தை நிரப்பிவிட்டுப் போனது. உரசியதில் நாங்கள் நின்ற பாறை அதிர்ந்தது. சூப்பிரண்டு அதற்குப் பிறகு உதைக்கவில்லை.

மூவரும் உச்சிக்கு ஏறினோம். ஈக்காரர் எங்களை நாவல் மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். கட்டும்போது வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். கண் ஒரு பக்கம் அழ, கை ஒரு பக்கம் முடிச்சுப் போட்டது. முருகனில் ஆரம்பித்து மாரியாத்தாள், ஐயனார் என்று தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டார். சாமிகள் தீர்ந்துபோனதும், வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிவரை தன் பஸ் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விசில் அடித்தார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வந்ததும் திரும்பவும் வெள்ளிமலையிலிருந்து தொடங்கினார்.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. தண்ணீர் உச்சிக்கு வந்து பாதத்தை நனைத்தது. பிறகு கணுக்காலுக்கு வந்தது. அது எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்பது என் எலும்புக்குத் தெரியும். என் மகளுக்கு அன்று மாலை கணக்கு டியூஷன். கூட்டிப்போக யாரும் இருக்க மாட்டார்களே, டியூஷன் வாசலில் தனியாக நிற்பாளே என்று மட்டும்தான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சூப்பிரண்டின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஈக்காரருடைய கையை அவர் பிடித்திருந்தார். நானும் இன்னொரு கையைப் பிடித்திருந்தேன். இரண்டு கையும் போய்விட்டதால், அவர் விசிலை வாயிலேயே கவ்விக்கொண்டு, பிதுங்கிய கண்களோடு ஊதிக்கொண்டிருந்தார். மூன்று பேரில் அதிகம் நடுங்கியவர் அவர்தான். இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் அவரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து, பாதம் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் கரையில் ஒரு மனிதர் நிற்பதைப் பார்த்தோம். மேலே சாமைக் கொல்லையில் காவலுக்கு இருந்தவராம். ஆற்றையும் எங்களையும் அவர் மாறிமாறிப் பார்த்தார்.

"விசில் சத்தம் கேட்டுக்கினே இருந்திச்சு. இந்தப் பக்கம் பஸ் வுட்டுட்டாங்களோன்னு பாக்க வந்தேன்" என்றார். குரலில் ஏமாற்றம் இருந்தது. அவர்கள் ஊருக்குப் பஸ் கேட்டுப் பல வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். எங்கள் அலுவலகத்துக்கும் அதில் ஒன்று வந்திருக்கக்கூடும்.

தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கும்வரை அவர் எங்களுக்காகக் கரையிலேயே காத்திருந்தார். பிறகு நாங்கள் அவிழ்த்து வீசிய கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக் கரையில் ஒரு மரத்தில் கட்டினார். மறு முனை நாவல் மரத்தில். முதலில் சூப்பிரண்டு, அப்புறம் நான், கயிற்றைப் பிடித்துக் கரையேறினோம். கடைசியில் ஈக்காரர் மட்டும் பாறையில். எங்களை அனுப்பியதோடு அவருடைய தைரியம் முடிந்துபோய்விட்டது. எவ்வளவு கூப்பிட்டும் கால் வரவில்லை. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என்னிடம் வீசினார்.

"ரெண்டு விசில் குடுங்க சார். அப்பதான் எனக்குக் காலு நவுரும்."

இரண்டு விசில் கொடுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மலைப்பாதை பஸ் வளைவில் திரும்புவதுபோல மெதுவாக வந்து சேர்ந்தார்.

வெள்ளிமலை டீக்கடையில் மூன்றாவது டீ குடித்த பிறகுதான் சூப்பிரண்டுக்குப் பேச்சு வந்தது. வெளிநாட்டு நூலைப் பல்லால் கடித்துவிட்டீர்களே என்றார். ஈக்காரர் எழுந்து நின்று, "தப்புதாங்க ஐயா, கத்திரிக்கோலு பையில அடியில மாட்டிக்கினு இருந்திச்சு" என்றார். சூப்பிரண்டு தன் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அடுத்த வாரம் ஒரு கிராமத்துக்குப் பஸ் விடக்கோரும் கோப்பு ஒன்று அவர் மேஜையிலிருந்து ஒரே நாளில் மேலே போனது. பஸ் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் எனக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது.

ராமநாதபுரத்தில் நான் இருக்கிற தெருவில் தண்ணீர் வருவதே வாரத்துக்கு இரண்டு நாள். ஆனாலும் டிவியில் மழைச் செய்தி வந்தால் போதும், ஈக்காரர் போன் செய்துவிடுவார். ஆற்றுப் பக்கம் போக வேண்டாம் என்பார். இங்கே ஆறே காய்ந்து கிடக்கிறது என்று சொன்னால், காய்ந்த ஆறுதான் சார் ஜாஸ்தி ஆபத்து என்பார். மூன்று வருடமாக ஒரு மழைகூட அவர் விட்டதில்லை.

இந்தக் கார்த்திகையில் கள்ளக்குறிச்சிப் பக்கம் கனமழை என்று இரண்டு நாள் டிவியில் ஓடியது. போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலமும் அப்படியே. மறுநாள் அலுவலகத்தில் ஒரு கோப்பும் ஓடவில்லை. மத்தியானம் சாப்பாட்டைத் திறந்துவிட்டு அப்படியே மூடினேன். நாலு மணிக்கு எடுத்தார். இடி இடித்தால் மின்னல் போன் வழியாகக் காதுக்குள் வந்துவிடும் என்று அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாராம்.

"இப்படியா அண்ணே பண்றது? ரெண்டு நாளா எனக்கு உயிரே இல்ல, பயந்து போயிட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"எனக்காகவா சார் பயந்தீங்க?" என்றார்.