எல்டனின் முதுகும் லியார்ட் வெந்நீர் ஊற்றும்

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு எல்டனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அன்று ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் நான்கு வண்டி விறகு வாசலில் வந்து இறங்கியது.

வட கனடாவின் ஃபோர்ட் நெல்சன் குளிரை விறகில்லாமல் ஓட்ட முடியாது. யாராவது பிளந்தாக வேண்டும். எல்டன் சாய்வு நாற்காலியில் கிடந்து முனகினார். மனைவி வில்மா கோடரியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஐந்து வாரம் பிளந்தாள். எல்டனின் நண்பர்கள் க்ளிஃபும் டார்சியும் மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கைகொடுத்தார்கள். கடைசிக் கட்டை விழுந்த சத்தம் கேட்டதும் எல்டனுக்கு முதுகு லேசாகிவிட்டது.

ஆனால் உடனே எழுந்து நடமாட முடியுமா? வருகிற வியாழக்கிழமை மூஸ் மான் வேட்டை. க்ளிஃபின் படகில் லியார்ட் ஆற்றில் பத்து நாள். படகு மூன்று பேருக்குத்தான். பதினோரு வருஷமாக வில்மா தனக்கும் ஓர் இடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக எல்டன் விரல் விட்டு எண்ணிக் காட்டி, இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யோசித்து ஒரு திட்டம் போட்டார். ஆற்றுக்குப் போகிற வழியில், லியார்ட் காட்டுப் பூங்காவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. நண்பர்கள் வியாழன் மதியம் அதைத் தாண்டித்தான் போவார்கள். காலையிலேயே போய் ஊறினால், மதியத்துக்குள் முதுகு அதிசயமாகக் குணமாகிவிடும். அப்படியே படகில் ஏறிவிடலாம்.

"வெந்நீர்ல உக்காந்தா நல்லதுங்கிறாங்க வில்மா," என்று ஈனஸ்வரத்தில் சொன்னார்.

"போலாமே," என்றாள் வில்மா. அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்குமே சம்மதித்தது கிடையாது. எல்டன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

துணைக்குப் பக்கத்து வீட்டு பெரிலையும் அழைத்துக்கொண்டாள். பெரில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். ஐம்பத்தெட்டு வயது எல்டனை இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். வழியில் காட்டெருமைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு படுத்திருந்தன. இருபது நிமிடம் அவை எழுந்திருக்கவில்லை. எல்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உண்மையாகவே முனகினார்.

சதுப்பு நிலத்தின் மேல் போட்ட பலகைப் பாதையில் மனைவியின் தோளில் சாய்ந்து நடந்தார். படியிறங்கி நீரில் கழுத்துவரை அமிழ்ந்தார். பெரில் கம்பளிக் குல்லாயைக் கழற்றாமலே எதிரே உட்கார்ந்தாள். கரையில் உறைபனி, உள்ளே கொதி.

"இப்ப எப்படிய்யா இருக்கு?" என்றாள் வில்மா.

"பாதி போயிடுச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"முக்கால்வாசி."

பதினொன்றரைக்கு எல்டன் எழுந்து நின்றார். "மொத்தமா போயிடுச்சு வில்மா. பாரு." குனிந்து கால் விரலைத் தொட்டார். தலை முழுக்க நீருக்குள் போய், கந்தக நாற்றத்தோடு தும்மிக்கொண்டு வெளியே வந்தது.

"அப்படியா? பெரில், நீங்க என்ன சொல்றீங்க?"

"சூடு இருக்கிறவரைக்கும் அப்படித்தான் இருக்கும் தம்பி," என்றாள் பெரில். "வெளிய போனா திரும்பப் பிடிச்சுக்கும். அஞ்சு வாரம் படுத்த முதுகு. பத்து நாளைக்குப் படகும் கூடாது, பாரமும் கூடாது."

"நானும் அதைத்தான் க்ளிஃப்கிட்ட நேத்து சொன்னேன்," என்றாள் வில்மா.

எல்டனுக்கு வெந்நீரிலேயே குளிர்ந்தது. "அவன்கிட்ட என்ன சொன்னே?"

"நீ வர முடியாது, உன் இடத்துல நான் வரேன்னு. சரின்னுட்டான்."

"உனக்கு மூஸ் மானைத் தூக்கத் தெம்பு ஏது?"

வில்மா நீரிலிருந்து கையை எடுத்து மடக்கிக் காட்டினாள். நான்கு வண்டி விறகு பிளந்த கை.

பெரில் துவட்டிக்கொள்ளப் போனதும் மெல்ல நெருங்கி உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. எனக்கு முதுகு வலியே கிடையாது."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ரெண்டாம் நாள்லேருந்து. கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்ச பிஸ்கட் டின்னை எட்டா மடிஞ்சு எடுத்தியே. நான் ஜன்னலுக்கு வெளிய கோடரியோட நின்னுட்டிருந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நீ விறகு பிளந்திருப்ப. எனக்குப் படகுல இடம் கிடைச்சிருக்காதே."

வலியும் போனது, வழியும் போனது. எல்டன் வீம்பாக நிமிர்ந்தார். "க்ளிஃப் வரட்டும். நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லு. அப்ப அஞ்சு வாரமா எதுக்கு நாற்காலியில கிடந்தேன்னும் நீயே சொல்லிடு. ஞாயித்துக்கிழமையெல்லாம் வந்து உழைச்சவங்க, அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது படகைப் பின்னால் கட்டிக்கொண்டு க்ளிஃபின் வண்டி நின்றிருந்தது. வில்மா தங்கள் வண்டியின் பின்பக்கத் தார்ப்பாயை விலக்கித் தன் பூட்ஸையும் துப்பாக்கியையும் எடுத்தாள். காலையில் அவற்றை அவள் ஏற்றியதை எல்டன் பார்க்கவில்லை. அப்போது அவர் நொண்டி நடக்கும் மும்முரத்தில் இருந்தார். பெரில் அதற்குள் எல்டன் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்னப்பா எல்டன், ஊத்துத் தண்ணி வேலை செஞ்சுதா?" என்று கேட்டபடி க்ளிஃப் கைகொடுத்தான். உள்ளங்கையில் விறகு பிளந்த காய்ப்பு இன்னும் மறையவில்லை.

எல்டன் வாயைத் திறந்தார். வில்மா பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

எல்டன் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா... இன்னும் குத்துது."