கழன்ற பொம்மையும் ஹமீதின் சொல்யூஷனும்

ஹமீது துடைத்ததென்னவோ தூசியைத்தான். பொம்மையே துணியோடு வந்துவிட்டது.

மும்பை சயான் கேரம் மன்றத்தின் சுழற்கோப்பை அது. பன்னிரண்டு வருஷம் விடாமல் ஆடி, போன வருஷம்தான் அவர் மனைவி நஜ்முன்னிசா ஜெயித்தாள். கீழே ஜெயித்தவர்கள் பெயர் பதித்த மரக்கட்டை. அதன்மேல் கையை உயர்த்தி நிற்கும் தங்கநிறப் பிளாஸ்டிக் பெண். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"நான் வர்ற வரைக்கும் அதத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டுங்காவுக்குப் போயிருந்தாள். பெண்டாட்டி வாங்கிய கோப்பை பளபளவென்று போகட்டுமே என்று இவருக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.

உடைந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அடியில் லேசாக ஈரம். தன் கை வேர்வை என்று நினைத்துக்கொண்டார். மன்றத்தில் நாலு பேர் முன்னால் நஜ்மு தலைகுனிந்தால், அப்புறம் இந்த வீட்டில் அவருக்குச் சோறு கிடைத்த மாதிரிதான்.

ஆனாலும் பயப்படவில்லை. தாராவியில் இருபது வருஷமாகத் தோல்பை தைக்கிறவர். பையில் வார் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா பக்கத்திலேயே இருந்தது. தடவி, காயவிட்டு, அழுத்தினார். பொம்மை நின்றது. ஃபேனைப் போட்டதும் ஆட ஆரம்பித்தது.

பிய்த்தெடுத்துச் சுரண்டிவிட்டு, செருப்புக்கு வாங்கி வைத்திருந்த நொடிப்பசையை எடுத்தார். நொடியில்தான் ஒட்டியது, இடப்பக்கம் சாய்ந்தபடி. பசையின் புகை ஏறிப் பொம்மையின் முகமும் வெளுத்துவிட்டது.

மகள் சாதியாவின் நெயில்பாலிஷ் ரிமூவரைப் போட்டுத் தேய்த்தார். வெளுப்பு போயிற்று. மூக்கும் கூடவே போயிற்று. அடியிலும் ஊற்றியதில் பொம்மை மறுபடி கழன்றது.

கணேசபாண்டியனின் ஹார்டுவேர் கடைக்கு ஓடினார்.

"அண்ணாச்சி, ஒரு பக்கம் பிளாஸ்டிக், ஒரு பக்கம் மரம். என்ன போடலாம்?"

"நீரு என்னத்தப் போட்டீரு?"

ஹமீது வரிசையாகச் சொன்னார்.

"தோலுக்குப் போடுறத ஊருக்கெல்லாம் போட்டா எப்படி பாய்? மரம் பசையக் குடிக்கும், பிளாஸ்டிக் குடிக்காது. ரெண்டையும் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கும். இந்த ரெண்டு டியூபையும் சமமாக் கலந்து தடவி, அசையாமக் கட்டி வையும். மூணு மணி நேரம் தொடப்பிடாது."

"பெறவு கழட்டணும்னா?"

"கழட்டவா? கட்டையத்தான் ஒடைக்கணும்."

"அதுதான் வேணும்," என்றார் ஹமீது.

இந்தத் தடவை ஒன்றும் பிசகவில்லை. தேய்த்தார், கலந்தார், தடவினார். மூக்கில்லாத முகத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துப் பை நாடாவால் இறுக்கிக் கட்டினார். நாலரைக்கு நாடாவை அவிழ்த்து, பொம்மையின் தலையைப் பிடித்து முழுக் கோப்பையையும் தூக்கினார். கட்டையும் சேர்ந்து வந்தது. அவருக்கு அப்படியொரு நிம்மதி. இனிமேல் மரவேலைக்கும் ஆர்டர் எடுக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

காலேஜிலிருந்து வந்த சாதியா கோப்பையைப் பார்த்தாள். பொம்மையைத் திருகினாள். இன்னொரு தடவை திருகினாள்.

"வாப்பா, இத யாரு ஒட்டுனா?"

"நான்தான். எங்கயாவது அசையுதான்னு பாரு."

சாதியா பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கட்டைய மட்டும்தான் திருப்பிக் குடுக்கணும் வாப்பா, பொம்மை ஜெயிச்சவங்களுக்கு. காலையில ரெண்டு மணி நேரம் வெந்நி ஊத்தி ஊத்தி உம்மாதான் அதக் கழட்டி, கட்டை மேலயே சும்மா காய வச்சிருந்தாங்க."