கோழி ஓவர்சியர்

ஒரு கோழியின் முகத்தைப் பார்த்து அதற்குக் கவலையா, கோபமா, மாமியார்த்தனமா என்று சொல்லிவிடக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காரைக்குடிப் பக்கத்து யூனியன் ஆபீசில் எனக்கு எதிர் மேஜையில் இருந்தார். அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே லேடி டைப்பிஸ்ட், அவர் ஓவர்சியர். பாலத்துக்கும் கிணற்றுக்கும் பிளான் போடுவது வேலை. கையில் பிரஷ் கிடைத்தால் கோழி, வாத்து, வான்கோழி. ஊரே அவரைக் கோழி ஓவர்சியர் என்றது.

ஒருமுறை வாய்க்கால் பாலத்து பிளானின் ஓரத்தில் ஒரு பெட்டைக்கோழியை நிறுத்திவிட்டார். ‘கோழி எதற்கு?’ என்று கேட்டு சிவகங்கை மேலாபீசிலிருந்து ஃபைல் திரும்பி வந்தது. ‘பாலத்தின் உயரம் விளங்குவதற்கு’ என்று பதில் எழுதி என்னிடம் கொடுத்தார். டைப் அடித்து அனுப்பினேன். பாலம் சாங்ஷன் ஆகிவிட்டது.

கோழி வளர்ப்புத் திட்டத்துக்காக ஆபீஸ் சுவரில் ஒரு படம் வரையச் சொன்னார் யூனியன் கமிஷனர். வரைந்ததை வெகுநேரம் பார்த்தார்.

“என்னய்யா, இது அழுவுது?”

“அழுகலைய்யா. மனசு விட்டுப்போயி நிக்குது. முட்டையை எடுக்கையில அது மூஞ்சியை நீங்க பாத்திருக்கீகளா?”

அந்த வருஷம் கோழி வாங்க ஒருத்தரும் வரவில்லை. கமிஷனரே முட்டையை விட்டுவிட்டதாகப் பியூன் சொன்னார்.

ஓவர்சியருக்கு அரியக்குடியில் வீடு. பிள்ளைகள் இல்லை. கோழிகளை வளர்த்ததெல்லாம் அவர் மனைவி மீனாட்சியக்காதான். ஒரு மழைக்காலத்தில், மூன்றே நாள் காய்ச்சலில் அக்கா போய்விட்டார்.

காரியத்துக்கு வைக்க போட்டோ தேடினார்கள். ஒன்றுகூட இல்லை. “நீதேன் படம் வரையிறவனாச்சே, வரைஞ்சிரு” என்றார் ஓவர்சியரின் அண்ணன்.

பத்தாம் நாள் ஓவர்சியரைப் பார்க்கப் போனேன். தரையெல்லாம் தாள்கள். எல்லாவற்றிலும் கொண்டை இருந்தது, தோடு இருந்தது, பொட்டு இருந்தது. முகம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“வரமாட்டேங்குது தாயி” என்றார். “இருபத்தெட்டு வருசம். ஒரு கோழியை நின்னு பாத்த மாதிரி அவளை ஒருநா நின்னு பாக்கலையே.”

தாள்களைப் பொறுக்கி அடுக்கிவைத்துவிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் கூடத்தில் மாலை போட்ட படம் இருந்தது. படத்தில் ஒரு கறுப்புப் பெட்டைக்கோழி, அடுப்படி வாசலில் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“என்னடா, பசிச்ச கோழியை வரைஞ்சு வச்சிருக்கே?”

“பசியில்லண்ணே. இரை போட்டாலும் திங்கமாட்டேங்குது. அவ போனதுலருந்து அங்கனயே நின்னு தேடுது.”

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. கமிஷனர்தான் முதலில் எழுந்து போய்ப் பூவைப் போட்டுக் கும்பிட்டார். பிறகு நாங்கள் எல்லோரும்.

மறுவாரம் ஓவர்சியர் ஆபீசுக்கு வந்தார். கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

“கொஞ்சம் நிமிரு தாயி.”

நிமிர்ந்தேன். என் முகத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார். அன்று முதல் யார் வந்தாலும் அப்படித்தான். இப்படி உற்றுப் பார்க்கிறாரே என்று புதிதாக வந்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். நான் மட்டும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, அவர் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.