இருபதுக்குக் கீழே போக விடாதே

தின்செத்,
புதன்கிழமை.

பேரன்புள்ள குன்வோர் அக்காவுக்குத் தம்பி ஊட்வார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஹெர்டிஸும் பதினெட்டு ஆடுகளும் சுகம். கனாரித் தீவில் நீயும் உன் வெயிலும் சுகமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் மின்சாரக் கார் நன்றாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி பதறாமல் படி. உன் படகை நான் ஏரியிலேயே விட்டு, அது பனிக்கட்டியில் நசுங்கியதிலிருந்து மூன்று வருஷமாக நீ என்னிடம் ஒரு பூந்தொட்டியைக்கூட ஒப்படைத்ததில்லை. இப்போது காரையே விட்டுப் போயிருக்கிறாய். அதுவும் சனிக்கிழமை வந்து இறங்கியதும் உன் மகளின் பிரசவத்துக்காகத் துரோந்தையம் வரை ஓட்டிப் போகவேண்டிய காரை. அதனால் ரயில் கதவு மூடும்போது நீ சொன்னதை அட்சரம் பிசகாமல் மனதில் வைத்திருக்கிறேன்: "டேய், இருபதுக்குக் கீழ மட்டும் போக விட்றாதடா."

விடுவேனா? நீ போன மூன்றாம் நாளே குளிர் இருபத்தெட்டு. நம்மூரில் ஜனவரி மாதத்தில் மைனஸ் என்று யார் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், எண்ணைச் சொன்னால் போதாதா. உடனே ஆட்டுக்கொட்டகையிலிருந்த டிராக்டரை வெளியே தள்ளிவிட்டு உன் காரை உள்ளே ஏற்றினேன். கிடா, கார்க் கதவில் தன் மூஞ்சியைப் பார்த்து எவனோ புதுசாக வந்துவிட்டான் என்று முட்டப் போக, ஹெர்டிஸின் கல்யாணக் கம்பளியை எடுத்துக் காருக்குப் போர்த்தினேன், அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அது கிடக்கட்டும். அப்படியும் மனசு கேட்காமல் ஒரு ஹீட்டர் வாங்கி வைத்தேன். ஹீட்டரையும் காரையும் சேர்த்துச் செருகினால் ஃபியூஸ் போகிறது, ஆகவே கார் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். சூடுதானே முக்கியம்? போதாததற்குத் தினமும் காலையில் காருக்குள்ளேயே உட்கார்ந்து, அதன் ஹீட்டரையும் போட்டுக்கொண்டு காப்பி குடிக்கிறேன். கொட்டகையில் பத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை.

இன்னொன்று. உன் கார் ரொம்பப் பாசக்காரக் கார். நீ வர எத்தனை நாள் என்று திரையில் எண்ணிக்கொண்டே இருக்கிறது. எழுபதில் தொடங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு இரண்டாகக் குறைக்கிறது, அவ்வளவு அவசரம். நேற்று பதினொன்று. எனக்கே கண் கலங்கிவிட்டது அக்கா.

தாயும் சேயும் நல்லபடியாக இரண்டு உயிராகட்டும். உனக்கு ஹெர்டிஸின் அன்பும் ஆடுகளின் விசாரிப்பும்.

இப்போதாவது என்னை நம்பு,
உன் தம்பி ஊட்வார்

பி.கு.: உறையில் போடும் முன் ஹெர்டிஸ் வாங்கிப் படித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "அட மனுஷா, உங்கக்கா சொன்னது குளிர இல்ல, பேட்டரிய. இருபது பர்சென்ட்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்பது. ஹீட்டரைப் பிடுங்கிவிட்டுக் காரைச் செருகினேன், ஆடுகள் முறைக்கின்றன. ஒரு மணி நேரமாகப் பக்கத்திலேயே நிற்கிறேன். பன்னிரண்டு. ஏறுகிறது அக்கா, ஏறுகிறது. படகு மாதிரி ஆகாது.

தபாலில் போட்டால் நீ கிளம்பி வந்த பிறகுதான் அங்கே போய்ச் சேருமாம். அதனால் கடிதத்தைக் காரிலேயே உன் இருக்கையில் வைக்கிறேன். சனிக்கிழமை திரையில் எண்பது இருக்கும். முதலில் அதைப் பார், அப்புறம் இதைப் படி. இதை மேலே எழுதத்தான் இடமில்லை.