காமன் வேஷமும் சின்ன எழுத்தும்

தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் பழனியாண்டிக்கு இரண்டே பெருமை. ஒன்று, இந்த வருடக் காமன் கூத்தில் காமன் வேஷம் அவருக்குத்தான். எத்தனையோ வருடம் ஏங்கிக் கிடைத்த வேஷம். மற்றது, தோட்டத்திலேயே லினக்ஸ் போட்ட லெப்டொப் அவரிடம் மட்டும்தான்.

லெப்டொப்பைக் கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பியிருந்தான். திரையில் புள்ளிகள் அத்தனை நெருக்கம். லினக்ஸைப் போட்டதும் எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. செட்டிங்ஸுக்குள் புகுந்து எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினார். எல்லாம் பெருத்தது, மெசேஜ் அனுப்பும் ஆப் மட்டும் மசியவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார். காரணம் இருந்தது.

கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றின நாளிலிருந்து வேஷக்காரர்கள் கவுச்சி தொடக்கூடாது. தொட்டால் வேஷம் போச்சு. பழனியாண்டியோ ஆபீஸ் விட்டதும் கொட்டகலை பஜாருக்கு நழுவி, கோழிக் கொத்து ரொட்டி தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். கூட்டாளி லோஜன். ஏற்பாடெல்லாம் அந்தச் சின்ன எழுத்தில்தான். திரையில் மூக்கு முட்டினால்தான் வாசிக்க முடியும். மனைவி ஜீவராணியின் மூக்கோ அடுப்படியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்து நின்றாள்.

"ஏங்க, இதுல தம்பிக்கு நாலு வார்த்தை எழுதலாம்னா ஒரு மண்ணும் தெரியல. கொஞ்சம் பெருசாக்குங்களேன்."

"உனக்குக் கண்ணு மங்கிருச்சு புள்ள. ஹட்டனுக்குப் போயி கண்ணாடி போடணும்."

"இருக்கும். பக்கத்து வீட்டு சிவசாமி அண்ணனும் சொன்னாரு, லினக்ஸுல அதெல்லாம் ஆவாதாம்."

"யாரு, அவனா? டிவி ரிமோட்டைத் தலைகீழா புடிக்கிறவன்!"

"அதானே. உங்களால முடியாததா?"

போதாதா? கொத்தை மறந்தார், லோஜனை மறந்தார், உட்கார்ந்துவிட்டார். அந்த ஆப் பொது செட்டிங்ஸுக்குக் கட்டுப்படாதாம். அதைத் திறக்கும் கட்டளையிலேயே இத்தனை மடங்கு என்று தனியாகச் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தார். அசையவில்லை. மூடிய பிறகும் அது பின்னால் ஒளிந்து ஓடிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தார். அடியோடு நிறுத்தினார். இரண்டு போதும் என்ற இடத்தில், சிவசாமிக்கும் சேர்த்து, மூன்று போட்டார்.

பஸ் போர்டு மாதிரி எழுத்து!

"ஜீவா! வந்து பாரு!"

அவள் அகப்பையோடு அடுப்படி வாசலிலேயே நின்றாள். லோஜன் நேற்று அனுப்பியதை அங்கிருந்தே நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"'அண்ணே, இன்னைக்கும் கோழிக் கொத்துதானே? விரதக்காரருக்கு எலும்பில்லாம போடச் சொல்லட்டா?'"

பழனியாண்டி திரையைக் கையால் மறைத்தார். எழுத்து கையைவிடப் பெரிதாக இருந்தது.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஜீவராணி. "மூக்கும்தான். உங்க சட்டையைத் துவைக்கிறவ நான். எழுத்துல ஒருக்கா பாத்துக்கிடணும்னு இருந்தேன்."

அவள் தலைக்கு மேலே கருவாட்டுப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. கருவாடு என்றால் அவளுக்கு உயிர். கம்பம் ஊன்றியதிலிருந்து அவிழ்க்கவே இல்லை. தினமும் பார்த்த பொட்டலம்தான். ஒரு நாளாவது அவர் யோசித்தாரா?

"நீயாவது பொரிச்சுத் தின்னுருக்கலாமே, புள்ள."

"வீட்டுல ஒருத்தராச்சும் விரதம் இருக்கணும்ல."

அவர் பொட்டலத்தை அண்ணாந்து பார்த்தார். எறும்பு எழுத்தைவிடச் சின்னதாகிவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"தப்புதான் ஜீவா. கூத்து வாத்தியார்கிட்ட மட்டும் சொல்லிராத."

"காலையிலேயே சொல்லிட்டேன்."

"ஐயோ! என்னன்னு?"

"உங்களுக்கு இடுப்புப் புடிப்புன்னு. பயப்படாதீங்க, மானம் போவல. வேஷம் மட்டும் சிவசாமி அண்ணனுக்குப் போயிருச்சு."

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். பாதியில் நின்றாள்.

"காமன் பாட்டெல்லாம் இதுலதானே வச்சிருக்கீங்க? சிவசாமி அண்ணனுக்குப் பாட்டு ஒண்ணும் பாடமில்லையாம். கூத்தன்னைக்கு முன்னுக்கு உக்காந்து, இதே சைசுல தூக்கிப் புடிங்க."