ஞானாபரணத்துக்கு அடித்த மணி

"பழம் எதுக்குவே? துட்டி வீட்டுல துக்கம் கேக்க வந்தீரோ?"

மங்குஸ்தான் கூடையோடு வாசலில் நின்ற வேதக்கண் கூடையை நீட்டினார்.

"இல்ல அண்ணாச்சி, மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"செத்தவன்கிட்ட என்னவே மன்னிப்பு?"

ஞானாபரணம் கதவை அறைந்து சாத்தினார். பிறகு திறந்து, கூடையை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடியும் அறைந்து சாத்தினார்.

வேதக்கண் தென்காசியில் கிறிஸ்தவக் கோயிலில் மணி அடிக்கிறவர். சபையில் யாராவது காலமானால் துக்க மணி அடிப்பதும் அவர்தான். போன சித்திரையில், காய்ச்சலில் கிடந்த ஞானாபரணத்தைப் பார்க்கப் போனார். முற்றத்து வெயிலில், சாவு வீட்டில் செய்வதுபோல், அவர் படுக்கையை உதறிப் போட்டிருந்தார்கள். சமையல்காரி உலகம்மை படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மனுஷர் நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஓடிப்போய் மணியை அடித்துவிட்டார்.

காய்ச்சல் விட்டு எழுந்த ஞானாபரணம், கஞ்சியில் உப்பு அதிகம் என்று திட்டியதற்குத்தான் அவள் அழுதாள். அது தெரிவதற்குள் வெளியூர்களுக்குத் தந்தி பறந்துவிட்டது. கடையத்திலிருந்தும் கீழப்பாவூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள், உயிரோடு உட்கார்ந்து கஞ்சி குடிப்பவரைப் பார்த்து, கொண்டு வந்த மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்கள்.

வேதக்கண் செய்த தப்பை மறைக்கிற ஆளில்லை. மறுநாள் விடிந்ததும் ரயிலடிக்குப் போனார். துக்கத்துக்கு வந்து இறங்கிய ஒவ்வொருவரையும் மறித்து, "அவரு நல்லா இருக்காரு, நான்தான் தப்பா அடிச்சிட்டேன், மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டு, அடுத்த வண்டியில் திருப்பி அனுப்பினார். அந்த விவகாரத்தில் தான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்பது அவர் எண்ணம்.

குருவானவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அவரோட ஒப்புரவாகிட்டு வாரும். அதுவரைக்கும் உமக்குத் திருவிருந்து கிடையாது."

மனைவி போனதிலிருந்து வேதக்கண் தானே பொங்கி, தானே தின்று, தானே பாத்திரம் கழுவுகிறவர். அவரை நாலு பேரோடு சேர்த்து உட்கார வைத்த பந்தி, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற அந்தத் திருவிருந்து ஒன்றுதான். இப்போது சபை முழுக்க முன்னால் போய் முழங்காலிடும்போது, கடைசி பெஞ்சில் அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அழுகை வரும்.

பழம் பலிக்காமல் போகவே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திர ஜெபத்துக்கு ஏற்பாடு செய்தார். "மரித்துப் பிழைத்த எங்கள் சகோதரனுக்காக நன்றி செலுத்துகிறோம்" என்று அவரே எழுந்து உருக்கமாகச் சொன்னார். சபை ஆமென் சொல்லி முடிக்குமுன் சிரித்துவிட்டது. அன்று முதல் ஞானாபரணத்துக்கு ஊரில், வேதத்தில் செத்த நாலாம் நாள் கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசருவின் பெயர் விழுந்தது.

"லாசரு தாத்தா, கல்லறைக்குள்ள புழுக்கமா இருந்துச்சா?" என்று பிள்ளைகள் கேட்கவும், அவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

காலைப் பிடித்தே கேட்டுவிடுவது என்று வேதக்கண் முடிவு செய்தார். ஆடிச் சாரலில் அவரைத் தேடிக் குற்றாலத்துக்குப் போனால், ஞானாபரணம் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் நின்றார்.

"அண்ணாச்சி, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்!" இரைச்சலில் கத்தியபடி தண்ணீருக்குள் புகுந்து இரண்டு காலையும் கட்டிப் பிடித்தார். எண்ணெய்க் கால் வழுக்கியது. இரண்டு கிழவர்களும் உருண்டு போய்ப் பாறையில் முட்டி நின்றார்கள்.

"கொன்னுட்டே மணி அடிச்சிரலாம்னு பாக்கீரோவே!" என்று ஞானாபரணம் அலறினார்.

மறுநாள் கால் வீங்கி அவர் படுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு வேதக்கண் வந்தார். உள்ளே போகத் தைரியமில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போனாலும் அங்கே யார் இருக்கிறார்கள்? வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த உலகம்மையிடமே அழுதுவிட்டார்.

"இன்னும் நான் என்னதான் செய்யட்டும் தாயி? தெரியாம ஒரு மணி அடிச்சதுக்கு, சாகுத வரைக்கும் ஒத்தையிலயே உக்காந்திருக்கணுமா?"

உலகம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

"மணி அடிச்சதுல எங்க ஐயாவுக்குக் கோவமே கெடையாது அண்ணாச்சி. நீரு உசுரோட இருக்குத வரைக்கும் உம்ம மொகத்துல முழிக்க மாட்டேன்னு சண்ட போட்டுட்டுப் போன ஒத்த மகன், மணி அடிச்ச மறுநாக் காலைல பேரப்புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டே வந்து எறங்குனாராம். நீங்கதான் ரயிலடியிலயே மன்னிப்புக் கேட்டு, அடுத்த வண்டியில ஏத்தி அனுப்பிட்டீயளே!"